கரண்ட் போற நூலை துணியில தைக்கிறது எப்படி

சட்டையில, பையில, தொப்பியில எல்ஈடி வெச்சு மின்ன வைக்கிற வீடியோ எல்லாம் பாத்துட்டு நாமளும் ஒன்னு பண்ணலாமேன்னு ஆசைப்படுறவங்க முதல்ல வாங்குறது அந்த சாம்பல் கலர் நூல்கண்டு தான். வந்ததும் எல்ஈடி காலை துணியில குத்தி நூலை ரெண்டு சுத்து சுத்தி ஒரு முடிச்சு போட்டு பேட்டரிய வெப்பாங்க, டேபிள் மேல நல்லா எரியும், எடுத்து தோள்ல மாட்டினதும் அணைஞ்சிடும், ஒரு தட்டு தட்டினா திரும்ப எரியும். உடனே எல்ஈடி போச்சு, பேட்டரி டூப்ளிகேட்டு, ஆன்லைன்காரன் ஏமாத்திட்டான்னு திட்டு விழும். பெரும்பாலும் அங்க எலக்ட்ரானிக்ஸ்ல ஒரு கோளாறும் இருக்காது, தையல்ல தான் கோளாறு. சாதாரண சர்க்யூட்ல சால்டர், அதாவது உருக்கி ஊத்துற ஈயம் பிடிச்சு நிக்குற இடத்துல இங்க நூலோட இறுக்கம் மட்டும் தான் பிடிச்சு நிக்குது, அது தளர்ந்தா கரண்ட் நின்னுடும், அவ்ளோ தான் விஷயம். அதனால எலக்ட்ரானிக்ஸ் படிச்ச பசங்கள விட ஜாக்கெட் தைக்கிற அக்காங்களுக்கு இந்த வேலை சீக்கிரம் வரும்னு நான் நம்புறேன், பாத்தும் இருக்கேன்.

நூலு என்னன்னு முதல்ல பாத்துடலாம். ரெண்டு வகை தான் அதிகமா கிடைக்குது. ஒன்னு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நூல், தலைமுடிய விட மெல்லிசான ஸ்டீல் இழைங்கள சேத்து முறுக்கினது, ரெண்டு புரி மூணு புரின்னு போட்டு விப்பாங்க. இந்த ஸ்டீல் இழை ஒன்னும் நேத்து வந்த சரக்கு இல்ல, ஃபேக்டரியில ஸ்டேட்டிக் சேரக்கூடாதுன்னு யூனிஃபார்ம் துணியில கலந்து நெய்யறதுக்கு ரொம்ப காலமா பயன்படுறது தான். இன்னொன்னு நைலான் நூல் மேல வெள்ளி முலாம் பூசினது. கைக்கு சாஃப்ட்டா இருக்கும், மெஷின்ல நல்லா ஓடும், ஆனா வெள்ளி வெள்ளி தானே, காத்துல இருக்கிற கந்தகம் பட்டா கொலுசு கருக்கிற மாதிரியே இதுவும் கருக்கும், துவைச்சு தேய தேய முலாம் உதிரும், உதிர உதிர ரெசிஸ்டன்ஸ், அதாவது கரண்ட்ட தடுக்கிற குணம், ஏறிக்கிட்டே போகும்.

கடலூர் பாண்டி ஆளுங்க கேட்டா நான் ஸ்டீல் நூல் தான் வாங்க சொல்வேன். சில்வர் பீச் பக்கம் குடியிருக்கிறவங்களுக்கு ஜன்னல் கம்பியும் கேட்டு தாழ்ப்பாளும் என்ன கதி ஆகுதுன்னு தெரியும், உப்புக் காத்துல வெள்ளி நூல் பண்டல் பிரிச்சு போட்டது போட்டபடி கிடந்தா சீக்கிரமே மங்கிடும். ஸ்டெயின்லெஸ் கூட உப்புல புள்ளி விழாம இருக்காது, ஆனா தாக்குப் பிடிக்கும். எந்த நூலா இருந்தாலும் ஜிப் கவர்ல காத்து போகாம மூடி வைங்க. லோக்கல்ல டெய்லரிங் மெட்டீரியல் கடையில போய் கேட்டா ஜரிகைய எடுத்து நீட்டுவாங்க, நூல் மட்டும் ஆன்லைன்ல வாங்குறது தான் வழி. மத்தபடி பெரிய கண்ணு ஊசி, எம்ப்ராய்டரி ஃப்ரேம், கேன்வாஸ், பிரஸ் பட்டன், கொக்கி எல்லாம் பாண்டி நேரு வீதி பக்கமோ கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பஜார்லயோ கிடைக்கிறதே போதும்.

ஜரிகைன்னு சொன்னதும் ஒரு விஷயம். அமெரிக்காவுல எம்ஐடி யுனிவர்சிட்டியோட மீடியா லேப் ஆளுங்க துணியிலயே சர்க்யூட் பண்றத பத்தி 2000ல ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினாங்க, அதுல அவங்க முதல்ல எடுத்துக்கிட்ட துணி எது தெரியுமா, பட்டு இழை மேல மெல்லிய செம்புத் தகடு சுத்தி நெய்ஞ்ச ஆர்கன்சா, இந்தியாவுல குறைஞ்சது நூறு வருஷமா நெய்யுற துணின்னு அவங்களே எழுதி வெச்சிருக்காங்க. பாட்டியோட பழைய பட்டுப்புடவை இருந்தா ஜரிகையில மல்டிமீட்டர் (வோல்ட், ரெசிஸ்டன்ஸ் எல்லாம் அளக்கிற மீட்டர்) முனைய வெச்சு பாருங்க, நிஜ உலோக ஜரிகையா இருந்தா ரீடிங் வர வாய்ப்பு இருக்கு, இப்ப வர்ற பிளாஸ்டிக் ஜரிகையில ஒன்னும் வராது. அதுக்காக புடவைய வெட்டி சர்க்யூட் பண்ண கிளம்பிடாதீங்க, வீட்ல நடக்கிறதுக்கு நான் பொறுப்பு இல்ல.

இப்ப நூலோட குணம். செம்பு ஒயர்ல ஒரு அடிக்கு ரெசிஸ்டன்ஸ் கணக்குலயே எடுக்க மாட்டோம், இந்த நூல்ல அப்படி விட முடியாது. ஸ்டீல் நூல்ல ஒரு அடிக்கு சுமாரா 10ல இருந்து 16 ஓம் (ரெசிஸ்டன்ஸ அளக்கிற அலகு) வரைக்கும் வரும், மூணு புரி குறைவு, ரெண்டு புரி ஜாஸ்தி. அதாவது நீங்க தைக்கிற ஒவ்வொரு கோடும் ஒரு குட்டி ரெசிஸ்டர். ஒரு எல்ஈடிக்கு இது நல்லது கூட. 3 வோல்ட் பட்டன் பேட்டரி, சிவப்பு எல்ஈடி எடுத்துக்கிறது 2 வோல்ட் அளவு, மிச்சம் 1 வோல்ட்ட நூலும் பேட்டரிக்குள்ள இருக்கிற ரெசிஸ்டன்ஸும் சேந்து தாங்கிக்கும், தனியா ரெசிஸ்டர் தைக்காமலே வேலை ஓடிடும். ஆனா வெள்ளை, நீல எல்ஈடிக்கு 3 வோல்ட்டே தேவைப்படும், அங்க நூலு கொஞ்சம் சாப்பிட்டாலும் வெளிச்சம் மங்கிடும், அதனால அதுகளுக்கு நூல் கோடு சின்னதா இருக்கணும். இன்னொன்னு, சிவப்பையும் நீலத்தையும் ஒரே பேட்டரியில பக்கத்துல பக்கத்துல பேரலலா, அதாவது பிளஸ் ரெண்டும் ஒரே கோட்டுலயும் மைனஸ் ரெண்டும் ஒரே கோட்டுலயும் வர்ற மாதிரி தைச்சா சிவப்பு மட்டும் எரிஞ்சு நீலம் சும்மா உக்காந்திருக்கும். நீலம் ரிப்பேர் இல்ல, சிவப்பு வோல்டேஜ இழுத்து கீழ வெச்சிருக்கு. ஒரே கலரா போடுங்க.

கலர் மாறி மாறி ஓடுற ஸ்மார்ட் எல்ஈடி, மோட்டர், சூடு ஏத்துற பேடு இதுக்கெல்லாம் இந்த நூல நம்பாதீங்க. அந்த ஸ்மார்ட் எல்ஈடி ஒன்னு முழு வெள்ளையில சுமார் 60 மில்லி ஆம்ப் கேக்கும், பத்து தைச்சா 600. வெறும் 10 ஓம் நூல் வழியா 600 மில்லி ஆம்ப் போகணும்னா நூல்லயே 6 வோல்ட் போகணும், நீங்க குடுக்கிறதே 5. கணக்கே உதைக்குது பாருங்க. சாதா எல்ஈடியே கூட நாலஞ்சு வேணும்னா பிளஸ் கோட்டையும் மைனஸ் கோட்டையும் ரெண்டு ரெண்டு வரிசையா தைங்க, ரெண்டு நூல் பக்கத்துல பக்கத்துல ஓடினா ரெசிஸ்டன்ஸ் பாதி ஆகிடும்.

சரி, தைக்கிற கட்டத்துக்கு வருவோம், இங்க தான் நிதானமா பாக்கணும்.

முதல்ல சால்டரிங் அயன எடுத்து உள்ள வைங்க. ஸ்டீல் நூல்ல சாதாரண ஈயம் ஒட்டவே ஒட்டாது, உருண்டு ஓடிடும். வெள்ளி நூல்ல ஒட்டும்னு வெச்சாலும் உள்ள இருக்கிறது நைலான், அயன் முனை 300 டிகிரிக்கு மேல இருக்கும், தொட்டதும் உருகிப் போயிடும். அதனால நூல் ஒரு பக்கமும் உலோகம் ஒரு பக்கமும் இறுக்கமா அழுந்தி தொட்டுக்கிட்டு இருக்கிறது ஒன்னு தான் கனெக்‌ஷன். தைக்கிறதுக்குன்னே பெரிய ஓட்டை வெச்ச சர்க்யூட் போர்டுங்க இருக்கு, லியா பியூக்லிங்கிற ஆராய்ச்சியாளர் டிசைன் பண்ணி ஸ்பார்க்ஃபன் கம்பெனி 2007ல வித்த லிலிபேட் ஆர்டுயினோ தான் அதுல பேர் போனது. ஓட்டைய சுத்தி உலோகப் பூச்சு இருக்கும், ஊசி நேரா உள்ள போகும். அந்த ஓட்டை வழியா ஊசிய விட்டு துணிக்கு அடியில எடுத்து, மறுபடி ஓட்டை வழியா, மூணு நாலு தடவ சுத்துங்க, ஒவ்வொரு சுத்துக்கும் நூல இழுத்து இறுக்கிட்டு தான் அடுத்தது. போர்டு துணியில ஆணி அடிச்ச மாதிரி அசையாம நிக்கணும், விரலால ஆட்டினா ஆடக்கூடாது. ஆடினா பிரிச்சிட்டு திரும்ப தைங்க, மேல பசை ஊத்தி சரி பண்ணலாம்னு பாக்காதீங்க, பசை நூலுக்கும் உலோகத்துக்கும் நடுவுல இறங்கிட்டா கரண்ட் போற வழியே அடைஞ்சிடும்.

தைக்கிற போர்டு வாங்க வேண்டிய கட்டாயம் இல்ல, கடையில கிடைக்கிற சாதா எல்ஈடியே போதும். கவரிங் நகை செய்யுறவங்க வெச்சிருக்கிற உருண்டை மூக்கு குறடு ஒன்னு வாங்கி எல்ஈடியோட ரெண்டு காலையும் சின்ன வளையமா சுருட்டுங்க. சுருட்டின அப்புறம் எது நீள கால் (பிளஸ்) எது குட்டை கால் (மைனஸ்)னு தெரியாம போகும், அதனால பிளஸ்ஸ வட்டமாவும் மைனஸ்ஸ சதுரமாவும் வளைச்சு வெச்சா இருட்டுல கூட குழப்பம் வராது. அந்த வளையத்த பட்டன் தைக்கிற கணக்கா துணியோட சேத்து சுத்தி சுத்தி தைக்கணும்.

நூல ஊசியில கோக்கிறப்பவே ஸ்டீல் நூல் முனை பிரிஞ்சு விரிஞ்சு சண்டை போடும், எச்சில் தொட்டு முறுக்கிறதெல்லாம் ஸ்டீலுக்கு பெருசா எடுபடாது, முனைய சாய்வா புதுசா வெட்டி விரலால அழுத்தி கோத்துடுங்க. கை நீளத்துக்கு மேல நூல் எடுக்காதீங்க, முடிச்சு விழுந்து சிக்கிக்கும், ஸ்டீல் சிக்கினா பருத்தி நூல் மாதிரி பொறுமையா பிரியாது. தைக்கிறது சாதா ஓட்டுத் தையல் தான். துணி பனியன் துணி மாதிரி இழுபடுற ரகமா இருந்தா நேர்கோடு வேணாம், வளைஞ்சு வளைஞ்சு ஜிக்ஜாகா போங்க, ஏன்னா துணி இழுபடும் நூல் இழுபடாது, ஏதோ ஒன்னு அறுந்து தான் ஆகணும். முடிஞ்சா முதல் வேலைக்கு காடா துணியோ கெட்டி காட்டனோ எடுங்க, பின்னாடி காலருக்கு வெக்கிற கேன்வாஸ அயன் பண்ணி ஒட்டிட்டா துணி சுருங்காம தைக்க வரும்.

முடிச்சு போடுறதுல தான் நிறைய பேரு ஏமாறுறாங்க. ஸ்டீல் நூல் வழவழன்னு ஸ்பிரிங் மாதிரி இருக்கும், போட்ட முடிச்சு ராத்திரி தானா அவிழும். ரெண்டு மூணு முடிச்சா போட்டு, மல்டிமீட்டர் வெச்சு கனெக்‌ஷன் சரியான்னு பாத்த பிறகு, முடிச்சு மேல மட்டும் ஒரு சொட்டு கலர் இல்லாத நெயில் பாலிஷ் வைங்க, காயட்டும், அப்புறம் வால ஒட்ட நறுக்கிடுங்க. நறுக்காம விட்ட வால் என்ன பண்ணும்னா துணிக்கு பின்னாடி ஆடிக்கிட்டே இருந்து ஒரு நாள் பக்கத்து கோட்ட தொடும்.

தொட்டா என்ன? இந்த நூல் மேல பிளாஸ்டிக் உறை கிடையாது, முழுக்க முழுக்க அம்மணமான ஒயர். பிளஸ் கோடும் மைனஸ் கோடும் எங்க தொட்டாலும் ஷார்ட். அதுல ஆரம்பக்காரங்க எல்லாரும் தைக்கிற ஒரு தையல் இருக்கு, பேட்டரி பிளஸ்ல ஆரம்பிச்சு எல்ஈடி பிளஸ் வளையத்த தைச்சு, நூல் மிச்சம் இருக்கேன்னு அறுக்காம அப்படியே எல்ஈடிக்கு அடியில போய் மைனஸ் வளையத்தையும் தைச்சு பேட்டரிக்கு திரும்பிடுறது. பாக்க ரொம்ப நேர்த்தியா இருக்கும், எல்ஈடி எரியவே எரியாது, ஏன்னா கரண்டுக்கு எல்ஈடி வழியா போகணும்னு என்ன தலையெழுத்து, நேரா நூல் வழியாவே போயிடும். பிளஸ் வளையம் தைச்சதும் முடிச்சு போட்டு அறுங்க. மைனஸ்க்கு புது நூல். இத மட்டும் மனசுல வெச்சுக்கிட்டா பாதி தொல்லை தீந்துச்சு.

ரெண்டு கோட்டுக்கும் நடுவுல குறைஞ்சது ஒரு விரல் அகலம் விடுங்க, தைக்கிறதுக்கு முன்னாடி பேப்பர்ல வரைஞ்சு அப்புறம் டெய்லர் சாக்பீஸ்ல துணி மேல பிளஸ் ஒரு கலர் மைனஸ் ஒரு கலர்னு கோடு போட்டுக்கங்க. எங்கயாவது ஒன்ன ஒன்னு தாண்டியே ஆகணும்னா ஒரு கோட்ட முன்பக்கமா தைச்சு, தாண்டுற இடத்துல குட்டியா ஒரு ஃபெல்ட் (கெட்டி கம்பளி மாதிரி துணி) துண்ட வெச்சு தைச்சுட்டு அதுக்கு மேல இன்னொரு கோட்ட கொண்டு போங்க, ஊசி அடியில இருக்கிற கோட்ட குத்தாம பாத்துக்கங்க. முழு வேலையும் முடிஞ்சதும் பின்னாடி லைனிங் துணி குடுத்து மூடிடணும், ஏன்னா பை மடங்குறப்போ துணி துணிய தொடும், அப்ப எதிரெதிர் கோடுங்க சந்திச்சுக்கும். போட்டுக்கிற துணியா இருந்தா வேர்வை வேற இருக்கு, மே மாசம் கடலூர்ல வேர்வை பத்தி பேசவே வேணாம். வேர்வையும் கடல் ஈரமும் உப்புத் தண்ணி, கொஞ்சம் கரண்ட் கடத்தும், 3 வோல்ட் உடம்புக்கு ஒன்னும் பண்ணாது, ஆனா ரெண்டு கோட்டுக்கும் நடுவுல ஈரம் நின்னு கரண்ட் கசிஞ்சிட்டே இருந்தா நூல் அரிக்கும், வெள்ளி நூல் சீக்கிரமே போயிடும். வேலை இல்லாதப்ப பேட்டரிய கழட்டி வைக்க சொல்றது இதுக்காகவும் தான்.

மெஷின்ல தைக்கலாமான்னு கேட்டா, தைக்கலாம், ஆனா ஸ்டீல் நூல ஊசியில கோக்காம பாபின்ல சுத்துங்க. மேல சாதா பாலியஸ்டர் நூல். ஊசி வழியா போறப்போ ஸ்டீல் இழை உரசி உரசி பிஞ்சிடும். மேல் நூல் டென்ஷன கொஞ்சம் தளர்த்திட்டா அடியில ஸ்டீல் நூல் நேரா படுத்துக்கும், மேல இருந்து பாத்தா ஒன்னுமே தெரியாது, சுத்தமா இருக்கும். தைச்சு முடிச்சதும் பாபின் கேஸ்ல விழுந்த ஸ்டீல் தூசிய பிரஷ்ஷால தட்டிடுங்க, அது மெஷினுக்கும் நல்லது இல்ல, உங்க சர்க்யூட் மேல விழுந்தாலும் நல்லது இல்ல.

இதெல்லாம் விட எனக்கு பிடிச்ச வழி இன்னொன்னு. எங்க தெருவுல ஆரி வொர்க் பண்ற அக்கா கிட்ட இந்த நூல காட்டினப்ப, "இது என்னா தம்பி, கருத்த ஜரிகையா"ன்னு கேட்டுட்டு, துணிக்குள்ள குத்தாம மேலயே படுக்க வெச்சு சாதா நூலால ரெண்டு பக்கமும் தாண்டித் தாண்டி பிடிச்சு தைச்சாங்க. கெட்டி ஜரிகைய ஜாக்கெட் கழுத்துல பதிக்கிறது இப்படித் தானாம். கரண்ட் நூலுக்கு இதுக்கு மேல நல்ல தையல் கிடையாது, நூல் எங்கயும் மடங்கல, துணிக்குள்ள ஏறி இறங்கலன்னா நீளமும் மிச்சம், நீளம் குறைஞ்சா ரெசிஸ்டன்ஸும் குறையும், பின்பக்கம் சுத்தமா இருக்கும், வளைவு எல்லாம் இஷ்டத்துக்கு போடலாம். வீட்டு மெஷின்ல ஜிக்ஜாக் இருந்தா நூல மேல வெச்சு ஜிக்ஜாக் ஓட்டினாலும் அதே வேலை தான். எல்ஈடி வளையம் கிட்ட வர்றப்போ மட்டும் ஊசியில கோத்து கையால சுத்திக்கணும்.

சுவிட்ச்சுக்கு எதுவும் வாங்க வேணாம். உலோக பிரஸ் பட்டன் ஒரு ஜோடி போதும், ஒரு பாதிய கோட்டோட ஒரு முனையில, மறு பாதிய இன்னொரு முனையில தைச்சா, பட்டன மாட்டினா ஆன், கழட்டினா ஆஃப். ஜாக்கெட் கொக்கியும் வளையமும் இதே வேலை செய்யும். வாங்குறப்போ கவனம், சிலதுல கருப்பு பெயின்ட் அடிச்சிருக்கும், பெயின்ட் வழியா கரண்ட் போகாது, வெள்ளையா மின்னுறத வாங்கி மல்டிமீட்டர்ல ஒரு தடவ தட்டிப் பாத்துக்கங்க. இதே பிரஸ் பட்டன் வெச்சு இன்னொரு வேலையும் நடக்கும். போர்டுல பட்டனோட ஒரு பாதிய சால்டர் பண்ணிட்டு துணியில மறு பாதிய தைச்சா, துவைக்கிறப்போ போர்ட கழட்டி எடுத்துடலாம். உலோகம் உலோகத்தோட, நூலு பட்டனோட, ரெண்டும் அது அதுக்கு தெரிஞ்ச வழியில சேருது. ஒயர்ல இருந்து நூலுக்கு மாறணும்னாலும் பாசி கோக்கிற கடையில விக்கிற குட்டி கிரிம்ப் மணிக்குள்ள ரெண்டையும் விட்டு குறடால நசுக்கிட்டா நல்லா பிடிச்சுக்கும்.

செக் பண்றது பத்தி ஒன்னு சொல்லியே ஆகணும். மல்டிமீட்டர பீப் மோடுல வெச்சு நூலோட ரெண்டு முனையையும் தொட்டு, பீப் வரலன்னு தையல பிரிக்கிறவங்க இருக்காங்க. பல மீட்டர்ல ரெசிஸ்டன்ஸ் ஒரு முப்பது அம்பது ஓம தாண்டினாலே பீப் அடிக்காது, மூணு நாலு அடி நூல் ஒழுங்கா இருந்தாலும் அந்த அளவு வந்துடும். 200 ஓம் ரேஞ்சுல வெச்சு நம்பர பாருங்க, பேட்டரிய கழட்டிட்டு தான் பாக்கணும். நம்பர் எவ்ளோங்கிறத விட, அது ஆடுதா நிக்குதான்னு தான் முக்கியமா பாக்கணும். முனைங்கள போர்டு மேல வெச்சுக்கிட்டு துணிய லேசா இழுங்க, முறுக்குங்க, ஆட்டுங்க. 20 ஓம் 20லயே நின்னா தையல் நல்லா இருக்கு. 20, 90, ஒன்னுமே காட்டலன்னு குதிச்சா எங்கயோ ஒரு சுத்து தளர்வா இருக்கு, பெரும்பாலும் எல்ஈடி வளையத்துல தான் இருக்கும். ஒவ்வொரு கோடும் தைச்ச உடனே பாத்துடுங்க, எல்லாம் முடிச்சு லைனிங்கும் அடிச்சப்புறம் பாத்தா அழுகை தான் வரும்.

முதல் வேலைக்கு என்ன பண்ணலாம்னு கேட்டா நான் துணிப்பை சொல்வேன். சாயங்காலம் கன்னியக்கோயில்ல இருந்து ரெட்டிச்சாவடி வரைக்கும் ரோட்டுல சைக்கிள்ல போற பசங்க எத்தன பேரு, முதுகுப் பையில பின்னாடி ரெண்டு சிவப்பு எல்ஈடி எரிஞ்சா பின்னாடி வர்ற பஸ்காரருக்கு ஆள் இருக்குன்னு தெரியும். ரெண்டும் ஒரே சிவப்பு, பேரலல், பேட்டரி ஹோல்டர் பைக்கு உள்பக்கம், பை மூடுற இடத்துல பிரஸ் பட்டன் சுவிட்ச். பேட்டரி சி.ஆர். 2032, 20 மில்லிமீட்டர் விட்டம் 3.2 மில்லிமீட்டர் தடிமன், அதான் அந்த நம்பர். நூலால பேட்டரிய நேரா கட்டிடலாம்னு நினைக்காதீங்க, ஸ்பிரிங் அழுத்தம் இருக்கிற ஹோல்டர் வேணும், இல்லன்னா திரும்ப அந்த எரியுது அணையுது கதை. ரீசார்ஜ் பண்ற லித்தியம் பேட்டரி இப்போதைக்கு வேணாம், உறை இல்லாத நூல்ல ஷார்ட் ஆச்சுன்னா அது குடுக்கிற கரண்ட்டுக்கு நூல் சூடாகி துணி பத்திக்கும். வீட்ல சின்ன குழந்தைங்க இருந்தா பட்டன் பேட்டரி வெளிய உருளாம பாத்துக்கங்க, முழுங்கிட்டா ரெண்டு மணி நேரத்துலயே தொண்டை உள்ள வெந்து போற அளவுக்கு ஆபத்து, முழுங்கிட்டாங்கன்னு சந்தேகம் வந்தாலே காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

துவைக்கிறதுக்கு பெருசா ஒன்னும் இல்ல. பேட்டரிய எடுத்துடுங்க, கழட்ட முடிஞ்ச போர்ட கழட்டிடுங்க, கையால அலசுங்க, பிழிஞ்சு முறுக்காதீங்க. பீச்சுக்கு போட்டுட்டு போன துணியா இருந்தா நல்ல தண்ணியில ஒரு தடவ கூடுதலா அலசினா உப்பு போயிடும். முழுசா காயற வரைக்கும் பேட்டரி போடக்கூடாது, ஐப்பசி கார்த்திகை மழையில ரெண்டு நாள் ஆனாலும் சரி. வெள்ளி நூலா இருந்தா அந்த கோட்டு மேல சூடான அயன் வைக்காதீங்க, உள்ள நைலான் இருக்கு. காஞ்சதும் அதே 200 ஓம் ரேஞ்சுல மீட்டர வெச்சு கோட்ட ஒரு தடவ பாத்துட்டு பேட்டரிய போடுங்க, துவைக்கிறதுக்கு முன்னாடி இருந்த நம்பர்ல இருந்து ரொம்ப ஏறி இருந்தா அந்த கோட்டுக்கு பக்கத்துலயே இன்னொரு வரிசை தைச்சிடுங்க, பழசப் பிரிக்க வேண்டியதில்ல.